மீசை வைத்த ஆன்ட்டி

அந்தப் பெண் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள். டெக்சாஸில், டாலஸ் பக்கம் இர்விங்கில் இருந்தாள். கணவருக்கு ஹூஸ்டன் பக்கம் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு அங்கே கேட்டி என்ற ஊருக்குப் போய்விட்டாள். போய்ச் சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் கூப்பிட்டு, நலம்கூட விசாரிக்காமல் சண்டைக்கு வந்தாள்.

"என்ன ஆன்ட்டி, சொல்லவே இல்ல? இங்க பிராஞ்ச் ஓபன் பண்ணிட்டீங்களா?"

"என்ன பிராஞ்ச்?"

"டிரைவிங் ஸ்கூல்தான். என் ஃபிரெண்டுக்காக கூகுள் பண்ணேன், வெப்சைட் வந்துச்சு. அப்படியே நீங்க பேசற மாதிரியே இருக்கு. ஆனா போட்டோல மட்டும் ஒரு அங்கிள் நிக்கிறார். பெரிய மீசை."

எனக்குப் பிராஞ்சும் இல்லை, மீசையும் இல்லை. என் டிரைவிங் ஸ்கூல் என்பது நானும் ஒரு காரும்தான். மாநில அரசின் லைசென்ஸ் வாங்கி, பக்கத்து சீட்டில் என் காலுக்குக் கீழே ஒரு தனி பிரேக் பொருத்தி, இர்விங்குக்குப் பக்கத்து ஊரான காப்பெல்லில் இருந்து நடத்துகிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் இர்விங் அபார்ட்மென்ட்களில் புதிதாகக் குடிவந்த பெண்கள். ஊரில் ஸ்கூட்டியில் பறந்தவர்கள்தான். இங்கே வந்து ஃப்ரீவேயைப் பார்த்ததும் கை கால் உதறிப் போகிறவர்கள்.

வெப்சைட்டை நானேதான் எழுதினேன், தமிழிலும் ஆங்கிலத்திலும். ஒவ்வொரு வரியும் ஏதோ ஒரு பெண் என் காரில் உட்கார்ந்து பயந்தபோது அவளுக்குச் சொன்னது. ஸ்டியரிங்கைச் சப்பாத்தி மாவு மாதிரி பிசையாதீர்கள் என்று ஒருத்திக்குச் சொன்னேன், அது முதல் பக்கத்தில் இருக்கிறது. ஃப்ரீவேயில் நுழையத் தெரியாமல், அதில் ஏறும் ரேம்ப் சரிவின் முனையில் காரை நிறுத்திவிட்டு அழுத இன்னொருத்திக்குச் சொன்னது இரண்டாம் பக்கத்தில்: "கோயில் பிரகாரத்தில் கூட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் நடுவில் சேர வேண்டும். நின்றுகொண்டு இடம் கேட்பீர்களா? அவர்கள் வேகத்துக்கே கூட நடந்து, இடைவெளி பார்த்து நழுவிச் சேர்வீர்கள் அல்லவா? அவ்வளவுதான்." இதைப் படித்துவிட்டுப் போன் செய்தவர்கள் அதிகம். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் அனுப்பிய லிங்க்கைத் திறந்தேன். சப்பாத்தி மாவு இருந்தது. பிரகாரம் இருந்தது. இர்விங் என்ற இடத்திலெல்லாம் கேட்டி என்று மாற்றியிருந்தார்கள், வேறு எதையும் தொடவில்லை. அதனால், "கேட்டியில் லைட் ரயில் தண்டவாளத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பாருங்கள்" என்று ஒரு எச்சரிக்கை இருந்தது. இர்விங்கில் ஓடும் லைட் ரயில் கேட்டியில் கிடையாது. மாணவிகளின் பாராட்டு வரிகளையும் விட்டுவைக்கவில்லை. "ஆன்ட்டிக்கு ரொம்பப் பொறுமை, சொந்த அக்கா மாதிரி" என்பதற்குப் பக்கத்தில் அந்த அங்கிள் கை கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னைப் பற்றி" என்ற பக்கத்துக்கு வந்தேன். நான் எழுதியிருந்த முதல் வாக்கியம் ஒரு கமா கூட மாறாமல் அவருடைய மீசைக்குக் கீழே இருந்தது:

"இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகுதான் நான் முதன்முதலில் ஸ்டியரிங்கைத் தொட்டேன்."

கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதுதான் பேச்சு. என் கணவருக்கு டேட்டாபேஸில் வேலை. யாரோ நம் வீட்டுக்குள் புகுந்த மாதிரி அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"உன் சைட்ல ஒரு செக்யூரிட்டியும் இல்ல. யார் வேணா வந்து காப்பி பண்ணிட்டுப் போலாம். என்கிட்ட விடு."

சாயங்காலத்துக்குள் என் வெப்சைட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். வலது கிளிக் வேலை செய்யாது. ஒரு எழுத்தைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது. என் கார் படத்தின் மேல் குறுக்கே பெரிய எழுத்தில் ஸ்கூல் பெயரை அடித்துவிட்டார். போலீஸ் பறிமுதல் செய்த வண்டி மாதிரி நின்றது என் கார்.

பள்ளியில் படிக்கும் சின்ன மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, யூ நோ ஸ்கிரீன்ஷாட்ஸ் எக்ஸிஸ்ட், ரைட்?"

"அது வேற, இது வேற" என்றார் அவர். எப்படி வேறு என்று சொல்லவில்லை.

பூட்டின் பலன் அந்த வாரமே தெரிந்தது. மனைவிக்காகக் கூப்பிட நினைத்த ஒருவர் என் போன் நம்பரைக் காப்பி செய்ய முடியாமல், பார்த்துப் பார்த்து அடித்து, ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டு, ஒரு பல் டாக்டரின் ஆபீசில் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறார். கார் ஓட்டுவதற்கு முன் பல்லை எதற்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்று அப்புறம் என்னிடம்தான் கேட்டார். இன்னொரு பெண், "ஆன்ட்டி, உங்க சைட் ஹேங் ஆயிடுச்சு, எதைத் தொட்டாலும் நகரல" என்றாள். திருடியவர் பக்கத்தில் மட்டும் எல்லாம் சுகமாக நகர்ந்தது.

மகள் ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பள்ளியில் ஏதோ பாடத்துக்காக இந்த விஷயத்தைப் படித்திருக்கிறாள். எனக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னாள். சிவப்பு விளக்கைக் கண்டால் நிற்க வேண்டும் என்பது யாருக்கும் சொந்தம் இல்லை. கார் ஓட்டக் கற்றுத் தரும் முறையும் யாருக்கும் சொந்தம் இல்லை. ஆனால் நான் எழுதிய வாக்கியம் எனக்குச் சொந்தம். எழுதிய நிமிடத்திலிருந்தே சொந்தம். பழைய வெப்சைட் பக்கங்களைச் சேமித்து வைக்கும் ஓர் இடத்தில் தேடி, என் பக்கம் அந்த மீசைக்காரர் பக்கத்துக்கு ரொம்ப நாள் முன்னாலேயே இருந்ததையும் எடுத்துக் காட்டினாள்.

"வீ கேன் சென்ட் அ டேக்டவுன் நோட்டீஸ். டு த ஹோஸ்டிங் கம்பெனி. தே ஹாவ் டு டேக் இட் சீரியஸ்லி."

அந்த வெப்சைட்டை எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் தாங்கிக்கொண்டிருக்கிறதோ, அந்தக் கம்பெனிக்கே எழுதி எடுக்கச் சொல்வது. எது என் எழுத்து, எங்கே இருக்கிறது, எங்கே திருடப்பட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். கடைசியில், நான் சொல்வதெல்லாம் உண்மை, பொய் என்றால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று ஒரு வரி. அந்த வரியைப் பார்த்ததும் என் கணவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"எதுக்கு வம்பு? கோர்ட்டு கேஸுன்னு இழுத்தா?"

"நீங்கதானே பூட்டெல்லாம் போட்டீங்க?"

"பூட்டு நம்ம வீட்டுக்குப் போட்டது. இது அவன் வீட்டுக்குப் போலீஸ அனுப்பறது."

மகள் நோட்டீஸைத் தயார் செய்து வைத்துவிட்டாள். பட்டனை அழுத்துவதுதான் பாக்கி. நான் அழுத்தவில்லை. அந்த மனிதரை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பிரசவத்தைக்கூடத் திருடிய முகத்தைப் பார்க்காமல் எப்படி விடுவது?

தோதாக ஒரு கிரகப்பிரவேசம் வந்தது. கணவரின் ஒன்றுவிட்ட தம்பி கேட்டியில் வீடு கட்டியிருந்தார். போகும் முன்பே அந்த வெப்சைட்டில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண்குரல் எடுத்தது.

"லைசென்ஸ் இருக்குங்க. ஃப்ரீவேன்னா மட்டும் பயம். ஒரு கிளாஸ் கிடைக்குமா?" என்றேன். கற்றுத் தருகிறவள் இப்படிக் கேட்டபோது எனக்கே நாக்கு கூசியது.

"ஞாயித்துக்கிழமை வரச் சொல்றேன்."

"யார் சொல்லித் தருவாங்க? ஆன்ட்டியா?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "எல்லாரும் இதையே கேக்கறீங்க. எங்க வீட்டுக்காரர்தாம்மா. நல்லா சொல்லித் தருவார்."

காப்பெல்லிலிருந்து கேட்டிக்குக் காரில் போகும் வழியெல்லாம் என் கணவர் எனக்கு அறிவுரை சொன்னார். கத்தாதே, கையெழுத்து எதுவும் போடாதே, என்னைக் கூப்பிடாதே. கிரகப்பிரவேசம் முடிந்து, மறுநாள் காலை, புது வீட்டின் வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. மீசை படத்தில் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. ஆள் ரொம்ப மரியாதை.

"வணக்கம் மேடம். லைசென்ஸ் கொஞ்சம் காட்டுங்க. ஓ, காப்பெல்லா? அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்கீங்களா?"

"சொந்தக்காரங்க வீட்டு விசேஷம். இங்க இருக்கறப்போ பழகிக்கலாம்னு."

"நல்லது. உக்காருங்க. பயப்படாதீங்க, என் காலுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கு."

எனக்குத் தெரியாத பிரேக்கா! ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடியைச் சரி செய்யாமல் விட்டேன், வேண்டுமென்றே. அவர் கவனித்து, மெதுவாகச் சுட்டிக் காட்டினார். சிக்னலில் சட்டென்று நிறுத்தினேன். திட்டவில்லை. தெரியாத மாதிரி ஓட்டுவது தெரிந்து ஓட்டுவதைவிடக் கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. கை தானாகச் சரியான இடத்துக்குப் போகிறது, அதைப் பிடித்து இழுத்துத் தப்பான இடத்தில் வைக்க வேண்டியிருக்கிறது.

ஃப்ரீவேக்குப் பக்கத்துச் சாலைக்கு வந்தோம். "இப்ப ஃபீடர்ல போறோம்" என்றார். டாலஸ் பக்கம் நாங்கள் அதை சர்வீஸ் ரோடு என்போம். அவர் வெப்சைட்டிலும் சர்வீஸ் ரோடு என்றுதான் இருக்கிறது. சொல்லவந்து அடக்கிக்கொண்டேன்.

"மேடம், பயந்தவங்க வாய மூடிட்டு ஓட்டுவாங்க. அதான் தப்பு. கண்ணுல படறத எல்லாம் சத்தமா சொல்லுங்க. கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி. வாய் பேசிட்டே இருந்தா கை இறுகாது."

இதை நான் எங்கேயும் கேட்டதில்லை. நல்ல யோசனை. திருடனுக்கு இவ்வளவு நல்ல யோசனை இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

"முன்னாடி ஒரு ட்ரக்" என்று ஆரம்பித்தேன். "லெஃப்ட்ல சிவப்புக் கார். டிரைவர் போன் பேசறான். ரேம்ப் வருது." ரேம்ப்பில் ஏறியதும் வாய் என் வசத்தில் இல்லை. தினமும் சொல்லிப் பழகிய வாய். "மிரரப் பாரு, தோளுக்கு மேல பாரு, பிரகாரத்துல சேர்ற மாதிரி அவங்க வேகத்துக்கே போ, இடைவெளி பாரு, நழுவு." காரும் வாய் சொன்னபடி கேட்டது. இரண்டு ட்ரக்குகளுக்கு நடுவில் வெண்ணெய் மாதிரி ஐ-டென் ஃப்ரீவேயில் சேர்ந்துவிட்டேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீங்க பயந்த ஆள் மாதிரியே தெரியலையே மேடம். அதோட இந்தப் பிரகாரம்! என் ஸ்டூடன்ட் ஒருத்தியும் இதையேதான் சொன்னா. உங்க வெப்சைட்ல படிச்சேன் அங்கிள்னா."

"உங்க வெப்சைட்டுல இருக்கறது உங்களுக்குத் தெரியாதா?"

"அத நான் எங்கம்மா படிச்சேன்? போட்டோ நல்லா வந்திருக்கான்னு பாத்தேன். போன் நம்பர் சரியான்னு பாத்தேன். அவ்ளோதான்."

அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஒரு இந்தியக் கடையின் பார்க்கிங்கில் ஒரே திருப்பத்தில் கோட்டுக்குள் காரை நிறுத்தினேன். இனி நடிப்பதில் அர்த்தம் இல்லை. நான் யார் என்று சொன்னேன். என் பக்கத்தையும் அவர் பக்கத்தையும் போனில் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். சப்பாத்தி மாவுக்குத் தலையாட்டினார். ரயிலுக்கு வந்ததும், "கேட்டில ஏதுங்க ரயிலு?" என்று என்னையே கேட்டார். பிறகு "என்னைப் பற்றி."

"இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகுதான் நான்..."

குரல் நின்றது. உதடு மட்டும் மறுபடி ஒரு முறை படித்தது. கை மெதுவாக மீசைக்குப் போய் அங்கேயே இருந்தது.

"மேடம், சத்தியமா இது எனக்குத் தெரியாது."

அவர் முகத்தைப் பார்த்தால் உண்மை என்று தெரிந்தது. எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் பல வருடம் இன்ஜினியராக இருந்தவராம். ஆட்குறைப்பில் வேலை போனதும், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் இதற்கு வந்திருக்கிறார். நண்பர் ஒருவர் சொல்லி ஒரு பையன் வெப்சைட் செய்து கொடுத்தானாம். "எழுத்தெல்லாம் நான் பாத்துக்கறேன் அங்கிள், நீங்க போட்டோ மட்டும் அனுப்புங்க" என்று சொல்லியிருக்கிறான். அவன் பார்த்துக்கொண்ட லட்சணம் இது. இப்போது வேறு மாநிலத்துக்குப் போய்விட்டான், கூப்பிட்டால் எடுப்பதில்லை.

உடனே மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். என் வாக்கியத்தை அவரே படித்துக் காட்டினார்.  அந்தப் பக்கம் அந்த அம்மா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது.

"அதானா! ஆன்ட்டி இருக்காங்களான்னு கேட்டுக் கேட்டு உயிர எடுத்தாளுங்க. ஒருத்தி, ரெண்டாவது டெலிவரிக்கு அப்பறம் எத்தன மாசத்துல வண்டி எடுத்தீங்கன்னு கேட்டா. ராங் நம்பர்னு வெச்சுட்டேன். நமக்கு ஒரே பையன்தானே!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்த வசனம் எல்லாம் வீண். "சரி சார். இன்னிக்கே எடுத்துடுங்க" என்றேன்.

"எடுத்துடறேன் மேடம். ஆனா எப்படி எடுக்கறது? பாஸ்வேர்ட் அந்தப் பையன்கிட்டதான் இருக்கு."

"என் பொண்ணு ஒரு நோட்டீஸ் ரெடி பண்ணி வெச்சிருக்கா. அத அனுப்பினா கம்பெனிக்காரங்களே எடுத்துடுவாங்களாம். உங்க மேலதான் கம்ப்ளைன்ட். அதான் யோசிச்சேன்."

அவர் முகம் மலர்ந்தது. "அனுப்புங்க மேடம்! தயவுசெஞ்சு அனுப்புங்க. இப்பவே அனுப்புங்க."

மகளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.  "வெயிட். ஹீ வான்ட்ஸ் அஸ் டு ரிப்போர்ட் ஹிம்?"

"ஆமாம்மா," என்று அவரே என் போனுக்குக் குனிந்து சொன்னார், "நல்லா ஸ்ட்ராங்கா போடும்மா. அந்த ரயிலையும் சேத்துக்கோ." தன் வெப்சைட்டின் முகவரியை ஒவ்வொரு எழுத்தாக அவளுக்கு ஒப்பித்தார். எந்தெந்தப் பக்கம் என்று அவளோடு சேர்ந்து சரிபார்த்தார். ஒரு பக்கத்தை அவள் விட்டுவிட்டதைக் கண்டுபிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். அப்படியாக, என் எழுத்தைத் திருடியதாக ஒருவர் மேல் புகார் கொடுக்க, அவருடைய காரிலேயே உட்கார்ந்து, அவருடைய உதவியோடு பட்டனை அழுத்தினோம். பிறகு கடைக்குள் போய் அவர் சமோசா வாங்கி வந்தார். கிளாஸ் நேரம் இன்னும் மீதி இருக்கிறது, வாங்க ஒரு ரவுண்டு போலாம் என்றார். திரும்பும்போது நான் பக்கத்து சீட்டில் உட்கார, அவர் ஓட்டினார். லேன் மாறும்போது தோளுக்கு மேல் பார்க்கவில்லை. சொன்னேன். பிறகு பார்த்தார்.

வீட்டு வாசலில் கணவர் காத்துக்கொண்டிருந்தார். "கத்தினியா?"

"இல்ல. சமோசா சாப்பிட்டேன்."

சில நாளில் அந்தப் பக்கம் காணாமல் போய்விட்டது. "போயிடுச்சு மேடம், சுத்தமா போயிடுச்சு!" என்று அவர்தான் முதலில் கூப்பிட்டுச் சொன்னார். கமென்ட்ரி விஷயத்தை நான் என் மாணவிகளிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "அதுக்கு எதுக்கும்மா பர்மிஷன்?" என்றார். வாய்விட்டுப் பேசச் சொல்வதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது என்று மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். ஆனாலும் கேட்டது எனக்குத் திருப்தியாக இருந்தது. என் கணவர் போட்ட பூட்டுகளை அவள் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பக்கத்தின் அடியில் இது யார் எழுதியது என்று ஒரு வரி சேர்த்தாள். எல்லாப் பக்கத்துக்கும் தேதியோடு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள். காரின் குறுக்கே இருந்த எழுத்தை மட்டும் அப்பாவின் முகத்துக்காகச் சின்னதாக்கி ஒரு மூலையில் விட்டுவைத்தாள்.

கேட்டியில் வேறொரு சங்கடம். வெப்சைட் போன பிறகும் பெண்கள் ஆன்ட்டியைக் கேட்டுக் கூப்பிடுவது நிற்கவில்லை. ஒருத்தி சொல்லி ஒருத்தி என்று பேச்சு பரவிவிட்டது. அந்த அம்மா எனக்கே போன் செய்தார். நாங்கள் அதற்குள் அடிக்கடி பேசிக்கொள்கிறவர்களாகிவிட்டோம்.

"தினமும் இல்ல இல்லன்னு சொல்லி அலுத்துப் போச்சு. எனக்குத்தான் வண்டி நல்லா வருமே, நானே ஆன்ட்டியாயிட்டா என்ன?"

"அவர் என்ன சொல்றார்?"

"அவர எதுக்குக் கேக்கணும்? இன்ஸ்ட்ரக்டர் கிளாஸுக்குப் பேர் குடுத்துட்டேன்."

படித்து, பரீட்சை எழுதி, கற்றுத் தருவதற்கான லைசென்ஸும் வாங்கிவிட்டார். இப்போது அவர்கள் வீட்டில் இரண்டு கார், இரண்டு பேரும் கற்றுத் தருகிறார்கள். பெண்கள் வரிசை கட்டுவது அந்த அம்மாவிடம்தான். விசா முடிந்து ஊருக்குப் போவதற்குள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்கிற சில மாமனார்கள் அங்கிளிடம் வருகிறார்களாம். அவருக்கும் அதில் சந்தோஷம்தான், பேச்சுக்கு ஆள் கிடைக்கிறது.

புது வெப்சைட்டுக்கு எழுத்து வேண்டும் என்றபோது, நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார் அந்த அம்மா. ஒரு வாரம் கழித்துத் தானே எழுதியதை வாட்ஸப்பில் அனுப்பி, தப்பு இருந்தால் திருத்தச் சொன்னார். திறந்து பார்த்தேன். "என்னைப் பற்றி" இப்படித் தொடங்கியது:

"முப்பது வருடமாக என் கணவர் ஓட்டும் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இனி எந்த மாணவி எப்படி ஓட்டினாலும் நான் பயப்படமாட்டேன்."

ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம் என்று பதில் போட்டேன். பிறகு என் பக்கத்தைத் திறந்து என் பிரசவ வாக்கியத்தைப் பார்த்தேன். அவருடையதுதான் நன்றாக இருந்தது.